புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சி

புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சி என்பது, பணியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் தம் பள்ளியையும் மாணவர்களையும் அறிந்து, தனித்து இயங்கும் திறன் பெறும்வரை அவருக்கு அளிக்கப்படும் பயிற்சியும் தொடர் வழிகாட்டலும் ஆகும். இது பட்டயம் அல்லது பட்டப் படிப்பின்போது பெறும் பணிமுன் பயிற்சியிலிருந்தும், எல்லா ஆசிரியர்களுக்கும் நடத்தப்படும் பணியிடைப் பயிற்சியிலிருந்தும் வேறுபட்டது. இக்கட்டுரை தேனி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

அமைப்புகள்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோற்றுவிக்கப்பட்டன. தேனி மாவட்டத்திற்கான நிறுவனம் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள உத்தமபாளையத்தில் அமைந்துள்ளது. 2001இல் தொடங்கப்பட்ட அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் விதிமுறைகள், பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 20 நாட்களும், பயிற்சி முடித்துப் புதிதாகச் சேர்வோருக்கு 30 நாட்களும் பயிற்சி அளிக்க இடமளித்தன. இவ்வியக்கம் 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒன்றிய அளவில் வட்டார வள மையமும், அதன்கீழ் சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையமும் செயல்படுகின்றன.

தேனி மாவட்டச் சூழல்

கல்வி உரிமைச் சட்டப்படி (2009), 60 மாணவர்கள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும். எனவே வருசநாடு, அகமலை, குரங்கணி போன்ற மலைப்பகுதிகளிலுள்ள சிறு பள்ளிகளில் புதியவருக்கு வழிகாட்டக்கூடிய மூத்தவர் தலைமையாசிரியர் ஒருவரே. அவரும் வகுப்பு நடத்துபவர்; அலுவலகப் பணியும் அவருடையதே. புதியவரோ சேர்ந்த முதல் நாளிலேயே பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்த வேண்டியிருக்கும். 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரிக்கப்படுவதால், அதற்கான பயிற்சி இன்றியமையாததாகிறது.

பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து பலர் விடியற்காலையில் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அத்தகைய பெற்றோரைப் பள்ளி நேரத்தில் சந்திப்பது அரிது. மலைப்பகுதிகளில் பளியர் பழங்குடிக் குழந்தைகளும் பயில்கின்றனர். இவற்றைப் பயிற்சி வகுப்பில் மட்டும் கற்றுக்கொள்ள இயலாது.

திட்டமிடல்

- முதல் வாரம்: பள்ளி, பதிவேடுகள், ஊர் ஆகியவற்றின் அறிமுகம், மூத்த ஆசிரியரின் வகுப்பைக் கவனித்தல்.
- முதல் பருவம்: குறைந்த பாடவேளை, வாரம் ஒருமுறை வழிகாட்டி ஆசிரியருடன் உரையாடல்.
- முதல் ஆண்டு: குறுவள மையக் கூட்டங்களில் பிற பள்ளிப் புதியவர்களுடன் அனுபவப் பகிர்வு.

சிறு பள்ளிகளுக்கான வழிகாட்டியைக் குறுவள மையத்தின் வேறொரு பள்ளியிலிருந்து தெரிவு செய்யலாம். அவர் வந்து செல்லும் நாளும் பேருந்து வசதியும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இல்லையெனில் வழிகாட்டல் ஏட்டளவில் நின்றுவிடும். புதியவர் தம் இடர்ப்பாடுகளை அச்சமின்றிக் கூற, வழிகாட்டுபவரும் மதிப்பிடுபவரும் வெவ்வேறு நபர்களாக இருத்தல் நன்று.

பிற நாடுகளில்

யப்பானில் ஓராண்டுப் புதிய ஆசிரியர் பயிற்சி 1989 முதல் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் இது இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அங்கு புதியவரின் பாடவேளை முதல் ஆண்டில் 10%, இரண்டாம் ஆண்டில் 5% குறைக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

- தேனி மாவட்டம்
- கம்பம் பள்ளத்தாக்கு
- அனைவருக்கும் கல்வி இயக்கம்