படம் பிடித்தவர்கள் நூறு பேர், எடுத்தவர் ஒருவர்

காயல்பட்டினத்தில் சினிமா கொட்டகை கிடையாது. திருச்செந்தூர் போகிற வழியில் இந்த ஊரைக் கடப்பவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லிவிடும் சேதி இது. ஊர்க்காரர்கள் சற்றுப் பெருமையோடே சொல்வார்கள். கப்பல் வணிகத்தில் நூற்றாண்டுகளாக உலகத்தையே வாசலுக்கு வரவழைத்த ஊர், திரையை மட்டும் உள்ளே விடவில்லை. ஆவணப்படத்துக்கு இது ஒரு குறையே இல்லை. தமிழ்நாட்டில் ஆவணப்படங்களைக் கொட்டகைக்காரர்கள் என்றைக்குமே விரும்பி அழைத்ததில்லை. அவை பெரும்பாலும் ஓடியது கல்லூரி அரங்குகளிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும், வாடகைப் புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் கிடைத்த இடங்களிலும்தான். சரி, இப்படி ஓர் ஊரைப் பற்றி ஆவணப்படம் உருவாக என்ன வேண்டும்? நல்ல கேமராவும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளும் வேண்டும் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். என் கட்சி வேறு. ஆவணப்படம் உருவாவது வெட்டி ஒட்டும் மேசையில். படம் பிடிப்பது அந்த மேசைக்குச் சரக்கு சேர்க்கிற வேலை. அந்தச் சரக்கை யார், எதற்காக, எப்போது பிடித்தார்கள் என்பதுகூட இரண்டாம் பட்சம். இதற்குத் தமிழிலேயே எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட சாட்சி ஒன்று உண்டு: ஏ.கே. செட்டியார்.

கோட்டையூரில் 1911இல் பிறந்த கருப்பன் செட்டியார், இருபது வயதுகளில் ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தியவர். டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது: காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும். அன்று காந்தி ஜெயந்தி. யோசனை வந்த வேளையில் காந்திக்கு வயது 68. தென்னாப்பிரிக்க நாட்கள் போய்விட்டன, உப்புச் சத்தியாகிரகம் முடிந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. புதிதாகப் படம் பிடிக்க எஞ்சியிருந்தது வாழ்க்கையின் கடைசிப் பகுதி மட்டும். வேறு யாராக இருந்தாலும் நடிகர்களை வைத்து மீதியை எடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் யோசனையையே கைவிட்டிருப்பார்கள். செட்டியார் தேடப் புறப்பட்டார். காந்தி போன இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் கேமராவோடு நின்றிருப்பார், அந்தச் சுருள் எங்கேயாவது ஒரு பெட்டியில் கிடக்கும் என்பது அவருடைய கணக்கு. ஐரோப்பா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அலைந்தார். முப்பது ஆண்டுக் காலத்தில் நூறு கேமராக்காரர்கள் எடுத்த படச்சுருள்களை, சுமார் 50,000 அடி, திரட்டினார். விடுபட்ட இடங்களுக்குத் தாமும் கொஞ்சம் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார். அதிலிருந்து 12,000 அடியை எடுத்துக் கோத்து, 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிட்டார். வர்ணனை தமிழில் இருந்தது. தெலுங்கு, இந்தி வடிவங்கள் அதைத் தொடர்ந்து வந்தவை.

இந்த அடிக்கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பேசும்படச் சுருள் கொட்டகையில் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 50,000 அடி என்பது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல்; 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் கழிந்துபோயிற்று. எஞ்சியதும் ஒரே சீராக இருந்திருக்க வழியில்லை. பேசாப்படக் காலத்துச் சுருள்களில் நொடிக்கு 16 அல்லது 18 சட்டங்கள்தான் பதிவாகியிருக்கும். அவற்றை 24 சட்டங்கள் ஓடுகிற பேசும்பட எந்திரத்தில் போட்டால் காந்தி ஓட்டமும் நடையுமாகத் துள்ளிப்போவார். சத்தியாகிரகம் சிரிப்புப் படமாகிவிடும். ஒரு சுருள் வெளுத்திருக்கும், இன்னொன்று கீறல் விழுந்திருக்கும். அந்தக் காலத்து 35 மி.மீ. சுருளோ நைட்ரேட், ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கத்தரியும் பசையும்தான் மேசையின் முக்கியக் கருவிகள். ஒட்டிய இடத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினால் ஒன்றிரண்டு சட்டங்களாவது போய்விடும், ஆகையால் ஒவ்வொரு வெட்டையும் யோசித்துத்தான் போட வேண்டும். இப்படி நூறு பேருடைய நூறு பார்வைகளை ஒரே மனிதரின் வாழ்க்கையாகக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நூறு பேரில் பலர் செய்திப்படக் கம்பெனி ஊழியர்கள். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்த காந்தி அவர்களுக்கு அரைத்துணி கட்டிய ஒரு வேடிக்கை மனிதர். அவர்கள் பிடித்த அதே காட்சி, செட்டியார் வைத்த இடத்தில் வேறு பொருள் தந்தது. அந்தப் பொருளை உண்டாக்கியவர் யாரோ அவரைத்தானே ஆசிரியர் என்று சொல்ல வேண்டும்?

இப்படிச் சொன்னால், பிறர் உழைப்பை ஒன்றாகக் கட்டித் தன் பெயர் போட்டுக்கொள்வது என்ன பெரிய படைப்பு என்று ஒரு கேள்வி வரும். செட்டியாரின் மற்ற வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 1943இல் தொடங்கி 1983இல் இறக்கும்வரை அவர் நடத்திய ‘குமரி மலர்’ இதழ், பழைய பத்திரிகைகளிலும் மறந்துபோன புத்தகங்களிலும் கிடந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சேற்றியது. தமிழர்கள் எழுதிய பயணக் குறிப்புகளைத் திரட்டி அவர் வெளியிட்ட தொகுப்புகள் இன்றைக்கும் ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவர் சொந்தமாக எழுதிய பயண நூல். அதிலும் தன்னைப் பற்றி அளந்துதான் பேசுவார். ஆக, காந்தி படம் அவர் வாழ்க்கையில் ஒட்டாத ஒரு சாகசம் என்று நினைப்பது தவறு. சினிமாவில் அவர் செய்ததும் பத்திரிகையில் அவர் செய்ததும் ஒரே காரியம்: சிதறியதைத் தேடுவது, தேர்வது, அடுக்குவது, பிறகு ஒதுங்கிக்கொள்வது. நம் இலக்கிய உலகம் இதைப் படைப்பு என்று ஒப்புக்கொள்ளத் தயங்கியது. சினிமாவிலும் அதே தயக்கம் இன்றுவரை இருக்கிறது. ஆவணப்பட விமரிசனங்களில் இயக்குநர் பெயருக்குப் பிறகு ஒளிப்பதிவாளரைப் பாராட்டுகிறார்கள், எடிட்டர் பெயர் பல சமயம் வருவதே இல்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வெட்டி ஒட்டுகிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் ஆவணப்படத்தை எப்படி நம்புவது? செட்டியார் காந்தி பக்தர். அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. பக்தர் கழித்த 38,000 அடியில் காந்திக்கு உவப்பில்லாத காட்சி இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம்தான். ஆனால் வெட்டாத படம் உண்மையானது என்ற எண்ணமும் நிற்காது. கேமராவை இந்தப் பக்கம் திருப்பும்போதே அந்தப் பக்கம் வெட்டுப்பட்டுவிடுகிறது. அந்த வெட்டைப் போட்டது செய்திப்படக் கம்பெனி. சோவியத் நாட்டில் எஸ்தர் ஷுப் என்ற பெண் எடிட்டர் 1927இல் ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்ற படத்தைத் தொகுத்தார். ஜார் மன்னரின் பெருமைக்காகவும் அவர் குடும்பத்தின் பொழுதுபோக்குக்காகவும் எடுத்த சுருள்களைச் செய்திப்படத் துண்டுகளோடு சேர்த்தே, அந்த ஆட்சிக்கு எதிரான சாட்சியாக அவற்றைப் பேசவைத்தார். ஷுப்பும் நடுநிலையாளர் இல்லை, புரட்சி ஆண்டு விழாவுக்காகப் படம் செய்தவர். ஆனால் அவர் காட்டிக்கொடுத்த விஷயம் பெரிது. ஒருவர் வெட்டியதை இன்னொருவர் மாற்றி ஒட்டலாம், மூலச்சுருள் பத்திரமாக இருந்தால். நம்பகத்தை எடிட்டரின் நல்ல மனசில் தேடுவதைவிட, அவர் கழித்துப்போட்டதை யாராவது காப்பாற்றி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

வெட்டின் வலிமையைப் புரிந்துகொள்ள ரஷ்யாவரை போக வேண்டியதும் இல்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைக் காவல்துறை தடியடி நடத்திக் கலைத்தது. கூட்டம் தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியது. 17 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆற்றில் மூழ்கிச் செத்தார்கள் என்பது ஒரு வாக்கியம், அடித்து விரட்டப்பட்டு ஆற்றில் செத்தார்கள் என்பது இன்னொரு வாக்கியம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வரிசை: எது முதலில், எது அடுத்து. திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கத்தை நடத்திவந்த ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ பேசியது இந்த வரிசையைத்தான். ஆறு, கூட்டம், லத்தி, உடல் ஆகியவற்றைத் தனித்தனிப் புகைப்படமாகப் பார்த்தால் எந்தக் கதைக்கும் பொருத்திக்கொள்ளலாம். அடுத்தடுத்து ஓடும்போது காரணமும் விளைவும் தெரிந்துவிடும். எடிட்டர் இந்த வரிசையைப் புரட்டிப் போடவும் முடியும் என்பது மெய். அப்படிப் புரட்டினால் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, துணி எப்போது நனைந்தது என்று கேட்டுப் பிடித்துவிடலாம்; அறிக்கையில் ஒரு வாக்கியம் இடம் மாறினால் அப்படிப் பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

செட்டியார் படத்துக்கு என்ன ஆயிற்று என்பது கசப்பான கதை. 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்றைச் சுருக்கிச் செய்தார்கள். தமிழில் ஓடிய முழுப்படம் கைக்கு எட்டாமல் போயிற்று. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுத்ததும் ஆங்கிலச் சுருக்கம்தான். படம் உருவான கதையைச் செட்டியார் எழுதிய ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ நூலைப் பதிப்பித்தவரும் அவரே. உலகமெல்லாம் பிறர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவரின் சொந்தப் பெட்டியைத் தமிழ்நாடு பத்திரப்படுத்தவில்லை. அந்த 38,000 அடி பற்றிக் கேட்கவே வேண்டாம்.

காயல்பட்டினத்துக்கு இந்தக் கதை ஏன் உதவும் என்றால், அங்கே சரக்கு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றைச் சொந்த ஊரான கோம்பையிலிருந்து தொடங்கி ‘யாதும்’ என்ற ஆவணப்படமாக 2013இல் தந்தார் கோம்பை எஸ். அன்வர். வெகுகாலம் பேசாதிருந்த ஒன்றைப் பொதுவில் பேசவைத்த படம் அது. ஊர் ஊராக அதைத் தொடர்வதென்றால் தமிழ் முஸ்லிம் ஊரான காயல்பட்டினத்தில் பள்ளிவாசல் கல்தூண்களையும் மீசான் என்னும் கல்லறைக் கற்களையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் யார் வேண்டுமானாலும் நாளைக்கே படம் பிடிக்கலாம், அவை எங்கும் போய்விடாது. போய்விடக்கூடியவை வீட்டு அலமாரியில் இருப்பவை. கொழும்பு, ஹாங்காங், வளைகுடா என்று சஃபர், அதாவது கடல் கடந்த பயணம், போன ஆண்களும், பெண் வீட்டையே மையமாகக் கொண்ட குடும்பங்களும் உள்ள ஊர் இது. தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களில் குரலைப் பதிந்து ஒலிநாடாவாக அனுப்புவார்கள். வாப்பா பார்க்க முடியாமல்போன கல்யாணம் வீடியோ கேசட்டாகக் கடல் தாண்டிப் போகும். அதைப் பிடித்தவர் கலைஞர் இல்லை, கூலிக்கு வந்த வீடியோக்காரர். செட்டியாரின் நூறு பேரும் ஏறக்குறைய அப்படித்தான்.

உடனே ஊரிலிருந்து வரக்கூடிய மறுப்பு எளிதானதில்லை. அந்தக் கேசட்டுகளில் இருப்பது வீட்டுப் பெண்கள், உறவுக்குள் பார்ப்பதற்காக மட்டும் எடுத்தவை. ஆண்கள் எதிர்ப்படாமல் பெண்கள் போய்வர வீட்டுக்குப் பின்னால் முடுக்கு என்னும் சந்து வைத்த ஊரில், அவற்றைத் திரையில் போடுவது நம்பிக்கைத் துரோகம். நியாயமான மறுப்பு. ஆனால் இதற்கும் தீர்வு வெட்டும் மேசையில்தான் கிடைக்கும். முகம் வேண்டாமென்றால் குரலை மட்டும் வைக்கலாம், குரலும் வேண்டாமென்றால் வாசலையும் பந்தலையும் வைக்கலாம். எது இருக்கலாம், எது போக வேண்டும் என்பதை அந்த வீட்டு உம்மாக்களும் லாத்தாக்களும் எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம். வீதியில் ஓடுகிற கேமராக்காரரிடம் இப்படி நிதானமாகக் கட்டளையிட முடியாது. மூலக் கேசட்டை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு நகலை மட்டும் பூட்டி வைக்கும் ஏற்பாடும் செய்துகொள்ளலாம். அவசரம் வேறு இடத்தில் இருக்கிறது. கடற்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. கேசட்டை ஓட்டிப் பார்க்கும் வீசிஆர் எந்திரத்தைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானியக் கம்பெனி 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. பழுதில்லாத எந்திரம் ஒன்றும், அதைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவரும் இன்னும் சில வருஷங்களுக்குக் கிடைப்பார்கள். கேமரா வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் அங்கே செலவழிக்கலாம்.