போன ஆட்டத்து ராணி

கோடை விடுமுறையில் வெயில் தாழும்வரை பிள்ளைகளை வீட்டுக்குள் பிடித்து வைக்க, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் ஒரு சீட்டுக்கட்டு போதும். பெரியவர்கள் ரம்மிக்கு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கழுதை ஆட்டம்.

ஊருக்கு ஊர் சில்லறை வித்தியாசம் இருந்தாலும் ஆட்டம் இவ்வளவுதான். 52 சீட்டையும் நாலு பேருக்குப் பங்கு போட வேண்டும். ஒருவர் டைமன் இறக்கினால் மற்ற மூவரும் டைமனே போட வேண்டும். நாலும் ஒரே இனமாக விழுந்தால் அந்தச் சுற்றைக் கவிழ்த்து ஒதுக்கிவிடலாம். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து இறக்குவார். டைமன் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டுவார். அப்போது பெரிய டைமன் போட்டவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டோடு இருப்பவர் கழுதை.

புதிதாக ஆடும் பிள்ளை விழுகிற ஒவ்வொரு சீட்டையும் மனப்பாடம் செய்யப் பார்க்கும். பத்துச் சீட்டு விழுவதற்குள் எல்லாம் குழம்பிவிடும். பக்கத்தில் இருக்கும் சித்தி காதோடு சொல்வாள்: "சீட்டை எண்ணாதத்தா, சுத்தை எண்ணு. டைமன் மூணு சுத்துப் போயிருச்சுல்ல? இனி அதை இறக்குனா உனக்குத்தான் வெட்டு."

சித்தியின் கணக்கு சரி. ஓர் இனத்துக்கு 13 சீட்டு. மூன்று சுற்று முழுசாகக் கழிந்தால் 12 போய்விட்டது, மிச்சம் ஒன்றே ஒன்று. அதை வைத்திருப்பவர் இறக்கினால் அடுத்த ஆள் வெட்டத்தான் முடியும். விழுந்த டைமன் அது மட்டுமே என்பதால், வெட்டிய சீட்டையும் சேர்த்து இறக்கியவர் கைக்கே திரும்பும். ஆக, 52 சீட்டைச் சுமக்க வேண்டியதில்லை. இனத்துக்கு ஒன்றாக நாலு எண்ணிக்கை, எதை யார் வெட்டினார், வெட்டுப்பட்டு யார் அள்ளினார் என்பது போதும்.

மூளையும் அதற்குமேல் தாங்காது. மனதில் ஒரே நேரத்தில் சுமார் ஏழு விஷயங்கள் நிற்கும் என்று 1956-ல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். நெல்சன் கோவன் 2001-ல் அதை ஏறக்குறைய நாலாகக் குறைத்தார். சீட்டிலும் இனம் நாலு என்பது தற்செயல்தான், ஆனால் வசதியான தற்செயல்.

தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நாம் நினைக்கிறோம். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-ல் சதுரங்கத்தை வைத்து இதைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டத்தின் நிலையை ஐந்து விநாடி காட்டினால் வல்லவர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப அடுக்கினார். காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவருக்கும் கற்றுக்குட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதே சேஸ், ஆண்டர்ஸ் எரிக்சனோடு சேர்ந்து 1980-ல் ஒரு கல்லூரி மாணவரைப் பற்றி எழுதினார். பயிற்சியால் அவர் 79 இலக்கங்கள்வரை கேட்டவுடன் ஒப்பித்தார். ஓட்டப்பந்தயக்காரரான அவர், எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி வைத்துக்கொண்டதே காரணம். எண்களை விட்டு எழுத்துகளைச் சொன்னதும் ஆறுக்கு இறங்கிவிட்டார். சீட்டாடினால் பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்கும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீட்டாடினால் சீட்டாட்டம் வரும்.

சீட்டை நினைவில் வைக்கும் அந்தத் திறனைச் சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றில் நடந்த ரம்மி பற்றிய வழக்கில், 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியை மூணு சீட்டுபோல முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது அல்ல என்றது. விழும் சீட்டுகளை நினைவில் வைத்திருக்க வேண்டியிருப்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இணையத்தில் பணம் கட்டி ஆடுவதற்கு நாடாளுமன்றம் 2025-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது தனிக் கதை.

நினைவு வைப்பதைவிடக் கடினமான பாடம் ஒன்று கழுதையில் உண்டு. நாலைந்து ஆட்டம் ஆனதும் நன்றாக ஆடிய பிள்ளையும் தடுமாறும். "இஸ்பேடு ராணி போயிருச்சு" என்று சாதிக்கும். போனது உண்மைதான், போன ஆட்டத்தில்! அதே 52 சீட்டுதானே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய ராணி புதிய ராணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். உளவியலாளர் பென்டன் அண்டர்வுட் 1957-ல் பல ஆய்வுகளை அடுக்கிப் பார்த்து இந்தக் குறுக்கீட்டின் அளவைக் காட்டினார். ஒரே ஒரு பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுநாள் சுமார் முக்கால் பங்கைச் சொன்னார்கள். அதற்குமுன் இருபது பட்டியல்வரை மனப்பாடம் செய்திருந்தவர்களோ சுமார் கால் பங்குதான். மறதி என்று நாம் திட்டுவதில் பெரும்பகுதி, முந்தையது மறக்காததால் வந்த வினை.

இதற்கு வழியும் சோதனைச் சாலையிலிருந்தே வந்தது. ஒரே வகைப் பொருளைத் தொடர்ந்து கொடுத்தால் நினைவு சரிந்துகொண்டே போகும், வகையை மாற்றியதும் நிமிர்ந்துவிடும் என்று டெலோஸ் விக்கன்ஸ் குழுவினர் 1963-ல் காட்டினார்கள். எனவே தொடர்ந்து கழுதையாகிக் கண் கலங்கும் பிள்ளையை இன்னும் கவனமாக ஆடச் சொல்லி அதட்டிப் பயனில்லை. சீட்டுக்கட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தாயம் உருட்டச் சொல்லலாம்.