முறுக்குத் தண்டும் வண்டியின் உயரமும்

பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகத் தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே நிலம் படிப்படியாக உயர்ந்து அகத்தியமலைத் தொடரை அடைகின்றது. மழைக்காலத்தில் அங்குள்ள மண்பாதைகளுக்கு நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியே ஏற்றது. அத்தகைய வண்டியைப் பழையதாக வாங்குவோர் அதன் முன்புறம் தாழ்ந்திருக்கக் காண்பதுண்டு. சில வண்டிகளில் ஒரு போல்ட்டை முறுக்கியே அதனை உயர்த்தலாம். ஆயினும் அப்போல்ட் எதனை மாற்றுகின்றது, எதனை மாற்றுவதில்லை என்பதை அறிந்த பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும்.

மகிந்திராவின் பழைய ஜீப்புகளில் முன்புறத்தையும் ஸ்பிரிங் பட்டைகளே தாங்கின. பட்டை தளர்ந்தால் அதனைக் கழற்றி வளைவைச் சீராக்கவோ, புதிது பொருத்தவோ வேண்டும். 2010ஆம் ஆண்டு வெளிவந்த 'தார்' வண்டியின் முன்புறத்தில், பட்டறைகளில் 'டார்ஷன் பார்' எனப்படும் முறுக்குத் தண்டுகள் அமைந்தன. 2020இல் வெளிவந்த புதிய தாரில் அவற்றின் இடத்தைச் சுருள் ஸ்பிரிங்குகள் பெற்றன. ஆகவே, வண்டியின் அமைப்பு எவ்வகையினது என்பதை முதலில் அறிதல் அவசியம்.

முறுக்குத் தண்டு என்பது நீண்ட எஃகுக் கம்பியே. அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் கையுடன் இணைந்திருக்கும். மறுமுனை, சட்டத்தில் அமைந்த ஒரு சிறு நெம்புகோலில் பொருந்தியிருக்கும். சக்கரம் மேடேறும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தண்டு முறுக்குண்டு, பின்னர் தன் நிலைக்குத் திரும்ப முயல்கின்றது. அம்முயற்சியே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றது.

இத்தகைய முறுக்கத்தின் விதியைப் பிரெஞ்சு விஞ்ஞானி கூலோம் 1784ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர் விகிதத்திலும், நீளத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும். விட்டம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடும். வகுப்பில் மாணவர்களைக் கொண்டே இதனைக் கணக்கிடச் செய்யலாம்.

போல்ட்டைத் திருகுவதால் தண்டின் விட்டமோ நீளமோ மாறுவதில்லை. ஆதலால் விறைப்பும் மாறாது. நெம்புகோலின் கோணம் மட்டுமே மாறி, வண்டி உயர்ந்து நிற்கும். அதிக பாரம் ஏற்ற விரும்பிப் போல்ட்டை முறுக்குவோர் ஏமாற்றமே அடைவர். அளவுக்கு மேல் உயர்த்தினால், பள்ளத்தில் சக்கரம் கீழிறங்க இடமின்றி வண்டி அதிரும். முன் அச்சுத் தண்டின் இணைப்புகள் அதிகக் கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். சக்கரத்தின் சாய்வு மாறி டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும்.

எனவே, முதலில் தாழ்வின் காரணத்தைத் தேடுதல் வேண்டும். புஷ்கள் தேய்ந்திருக்கலாம், கை வளைந்திருக்கலாம், தண்டே களைத்திருக்கலாம். இவை சரியாயிருப்பின், டயர்களில் உரிய காற்றடைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்புறத்தை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் அளக்க வேண்டும். போல்ட்டின் பழைய நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது நலம். பின்னர்ச் சட்டத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மீது நிறுத்திச் சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டைச் சிறிது சிறிதாகத் திருகுதல் வேண்டும். வண்டியை இறக்கிச் சற்றுத் தூரம் ஓட்டிய பின்னரே மீண்டும் அளக்கலாம். ஒருபுறத்தை உயர்த்தினால் மறுபுறத்தின் உயரமும் சிறிது மாறுமாதலால், ஒவ்வொரு முறையும் இருபுறமும் அளத்தல் அவசியம்.

தண்டைக் கழற்ற நேர்ந்தால், இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பொருத்தலாகாது. ஒவ்வொன்றும் ஒரு திசை முறுக்கத்திற்கென்றே பக்குவப்படுத்தப்பட்டது. அதன்மேல் விழும் சிறு கீறலும் நாளடைவில் வெடிப்பாகித் தண்டை முறித்துவிடக்கூடும்.

உயரம், உற்பத்தியாளர் குறித்த அளவை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். வண்டியின் அமைப்பை அவ்வளவுகளினின்று மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. இறுதியாகச் சக்கரங்களின் நேர்மையையும் முன்விளக்குகளின் நோக்கையும் சரிபார்த்தல் வேண்டும். முன்புறம் சிறிது உயர்ந்தாலும் விளக்கொளி எதிர்வருவோரின் கண்களில் பாயும். போல்ட் இழந்த உயரத்தை மீட்டுத் தரும்; இழந்த வலிமையைத் தராது.