தூரிகை கழுவிய கிண்ணம்

சீனர்கள் தூரிகையை மையில் தோய்த்து எழுதினார்கள். மைக்கட்டியை உரைக்க ஒரு கல், அதில் நீர் சொட்டவிட ஒரு சிறு குடுவை, கடைசியில் தூரிகையைக் கழுவ ஒரு பீங்கான் கிண்ணம் என்று எழுதுமேசையில் பல பொருட்கள் இருக்கும். பழைய காலத்து இப்பொருட்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர். 2017இல் ஹொங்கொங்கில் இத்தகைய கிண்ணமொன்று ஏலம் போனது. அகலம் 13 சென்ரிமீற்றர்தான். விலையோ 3 கோடியே 77 இலட்சம் அமெரிக்க டொலர்!

அது ‘ரு’ என்னும் வகை. சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் சொங் அரசர் காலத்தில் ஹெனான் மாகாணத்தில் சுடப்பட்டது. வெளிர் நீலப்பச்சையில் கண்ணாடி போன்ற பூச்சு. அதிலே மயிரிழை வெடிப்புகள். இவ்வகையில் எஞ்சியிருப்பவை 100க்கும் குறைவு. 18ஆம் நூற்றாண்டில் சியன்லொங் சக்கரவர்த்தி இவற்றைச் சேர்த்து, சிலவற்றின் அடியில் தன் கவிதைகளைப் பொறிக்கச் செய்தார். செய்த குயவர் யாரென்று எவருக்கும் தெரியாது. சமூகவியல் படித்த எனக்கு விலையைவிட இதுதான் உறுத்தியது.

சகோதரிகளே, இந்தப் பீங்கான்களும் இடம்பெயர்ந்தவைதான். 1933இல் யப்பானியப் படை நெருங்கியபோது, பெய்ஜிங் அரண்மனை நூதனசாலை ஊழியர்கள் தம்மிடமிருந்தவற்றை 13,000க்கும் மேற்பட்ட பெட்டிகளில் அடைத்துத் தெற்கே அனுப்பினர். பீங்கான்களுக்குப் பஞ்சும் வைக்கோலும் காவல். 1937இல் நான்ஜிங்கிலும் ஆபத்து. மறுபடி புகையிரதம், படகு, லொறி என்று மேற்கே மலைப்பகுதிகளுக்குப் பயணம். போர் முடிந்து திரும்பினால் உள்நாட்டுப் போர். 1948–49இல் ஏறத்தாழ 3,000 பெட்டிகள் கடல் கடந்து தாய்வானுக்குப் போயின. அவற்றிலிருந்த ரு கிண்ணங்களை இன்றும் தாய்பே நூதனசாலையில் காணலாம்.

பெட்டி கட்ட அவகாசம் கிடைத்தது அவர்களின் பாக்கியம். எங்கள் கூட்டங்களில் “என்ன கொண்டு வந்தீர்கள்?” என்று கேட்டால், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒரு சட்டி என்பதோடு பதில் முடிந்துவிடும்.

சீனப் பீங்கான் நம் மண்ணுக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் அதே சொங் காலத்து உடைவுகளை 1970களில் அகழ்ந்தெடுத்தார்கள். முழுக் கிண்ணத்துக்கு அலையும் பணக்காரர் இத்துண்டுகளை மதிக்கமாட்டார். ஆய்வாளருக்கோ எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதே முக்கியம். மீளக்குடியேறிய காணியில் கிணறு வெட்டும்போது இப்படி ஏதும் தட்டுப்பட்டால் வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருள் சட்டப்படி அரசுக்குரியது. இடத்தைக் குறித்துவைத்துக் கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள்.