ஓரத்தில் இருந்த பெயர்

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள், பொங்கலுக்கு ஒரு படம் வரைந்தாள். மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசும் தாத்தா. வலது ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் பெயர். அக்கா அதைப் போனில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். மறுநாள் தெருமுனை ஜவுளிக்கடையின் ஸ்டேட்டஸில் அதே தாத்தா. ஓரத்தில் கடையின் பெயர்.

"என் பேர் எங்க சித்தி?"

பதிப்புரிமைப் பாடத்தை இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். பல வகுப்பறைகளில் அது "காப்பி அடிக்காதே" என்ற அதட்டலோடு முடிந்துபோகிறது. நீயும் உரிமைக்காரி என்று பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்து முடித்ததுமே உரிமை வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை, வயதும் தடையில்லை. படைப்பின் உரிமையை விற்ற பிறகும் 'இதைச் செய்தது நான்' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது 57-ஆம் பிரிவு.

இது புரிந்த பிள்ளைக்கு மற்றவை எளிது. கல்கி மறைந்தது 1954-ல். எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் எழுத்து பொதுச்சொத்து. எனவே பொன்னியின் செல்வன் நாவலை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாடகமாக்கலாம், ஒலிநூலாக்கி இணையத்தில் ஏற்றலாம். 2022-ல் வந்த திரைப்படத்தை அப்படி ஏற்ற முடியாது. அதற்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுக் கணக்கு. வந்தியத்தேவன் ஒருவன்தான், கணக்கு இரண்டு.

என் கவலை பிள்ளைகளைப் பற்றியதல்ல, பெரியவர்களான நம்மைப் பற்றியது. பாடம் நடத்துவதற்காக நகலெடுக்க 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சந்தில் நாம் லாரியே ஓட்டுகிறோம். முழு வழிகாட்டி நூலும் பிடிஎஃப் ஆகப் பெற்றோர் குழுவுக்கு வருகிறது. கைகூப்பி நன்றி சொல்கிறோம். புதுப்படத்தை டெலிகிராமில் இறக்கி, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கிறோம். சின்னப் பிள்ளைகளிடம் சட்டம் எதற்கு, பகிர்வது நல்ல குணம்தானே என்பவர்களும் உண்டு. பகிரட்டும், பெயரோடு பகிரட்டும்.

அவளை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பதறிவிட்டார். "பாப்பா வரைஞ்சதா? எனக்கு வரும்போதே பேர் இல்லம்மா." போனை நீட்டினார். அனுப்பியவர் அவளுடைய பெரியப்பா.

அன்றிரவு அவரிடமே கேட்டாள். "ஸ்டேட்டஸ்ல முழுசா அடங்கலடா கண்ணு, அதான் ஓரத்தை வெட்டினேன். எத்தனை பேர் பாராட்டினாங்க தெரியுமா?" என்றார்.

"யாரை?" என்று கேட்டாள்.