புங்க எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுமா?

நான் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு கோடைக்காலம். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்போது மின்சார மோட்டார் கிடையாது. டீசல் எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. ஒரு வாரம் டவுனில் டீசல் கிடைக்கவில்லை. கத்தரிச் செடிகள் வாடத் தொடங்கிவிட்டன. வீட்டில் விளக்கெரிப்பதற்காகச் செக்கில் ஆட்டி வைத்திருந்த புங்க எண்ணெய் இரண்டு டின் இருந்தது. பெரியப்பா அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார். "விளக்கில எரியுற எண்ணெய் எஞ்சின்ல எரியாதா என்ன?" என்று சொல்லி, டாங்கில் மீதமிருந்த டீசலோடு சேர்த்து ஊற்றிவிட்டார்.

எஞ்சின் ஓடியது! நான்கு நாட்கள் தண்ணீர் பாய்ந்தது. ஐந்தாம் நாள் எஞ்சின் திக்கித் திணறியது, கரும்புகை கக்கியது, நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து எரிபொருளைப் பீச்சும் நாசிலைக் கழற்றிக் காட்டினார். அதன் நுண்துளைகளைச் சுற்றிக் கரி கெட்டியாகப் படிந்திருந்தது. "எண்ணெய் நல்ல எண்ணெய்தானுங்க. ஆனா இந்த எஞ்சினுக்குச் செரிக்கல" என்றார் அவர்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் படிக்கிறியே, சொல்லு பார்ப்போம். ஏன்டா ஓடுச்சு? ஏன்டா நின்னுச்சு?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்குள் எவ்வளவு அறிவியல் அடங்கியிருக்கிறது என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் அறிந்தேன். மாணவ நண்பர்களே, அவ்விடையை இங்கே காண்போம்.

தீப்பொறி இல்லாமல் தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை விரைவாக அமுக்கினால் அதன் வெப்பநிலை உயர்கிறது. டீசல் எஞ்சினின் அடிப்படையே இதுதான்.

பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் இதில் தீப்பொறி தரும் 'பிளக்' இல்லை. உருளைக்குள் முதலில் காற்று மட்டுமே நுழைகிறது. பிஸ்டன் மேலேறி அதைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்குவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் 30 டிகிரி செல்சியஸ் இருந்த காற்று, வெப்ப இழப்பே இல்லையென்றால், ஏறத்தாழ 690 டிகிரிக்குச் சூடேறும் என்று கணக்கிடலாம். உருளையின் சுவர்கள் சிறிது வெப்பத்தைப் பறித்துக்கொள்வதால் உண்மையில் இதைவிடக் குறையும். இந்தக் கொதிக்கும் காற்றில் எரிபொருளைப் பனித்தூறல்போல் பீச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

இந்த எஞ்சினைக் கண்டவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. 1900-இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் ஓட்டோ நிறுவனம் சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. கனிம எண்ணெய்க்காகச் செய்யப்பட்ட எஞ்சின் அது. எந்த மாற்றமும் செய்யாமலேயே ஓடியது. வேர்க்கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பதை வெகு சிலரே கவனித்தார்கள் என்று டீசலே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆகவே என் பெரியப்பா செய்தது புதிய காரியமன்று. பாரிஸில் முன்பே நடந்த சோதனைதான்!

"ஏன் ஓடியது?" என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. போதிய சூடான காற்றில் புங்க எண்ணெயும் தானாகப் பற்றும். எரிந்து ஆற்றல் தரும். அப்படியானால் ஏன் நின்றது?

ஐந்து மில்லி நொடிப் பந்தயம்

நிமிடத்திற்கு 1500 முறை சுற்றும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 25-இல் ஒரு பங்கு. அதிலும் எரிபொருள் பீச்சப்பட்டு, ஆவியாகி, காற்றோடு கலந்து, எரிந்து முடிவதற்குக் கிடைப்பது சுமார் ஐந்து மில்லி நொடிகள்தாம். கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு இது.

இந்தப் பந்தயத்தில் வெல்லவேண்டுமானால் துளிகள் மிகச் சிறியனவாக இருக்கவேண்டும். ஒரு துளியை, பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள சிறு துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும். பரப்பு பெருகினால் ஆவியாதலும் விரைவாகும்.

இங்கேதான் எண்ணெயின் பாகுநிலை குறுக்கிடுகிறது. 40 டிகிரி வெப்பநிலையில் தாவர எண்ணெய்களின் பாகுநிலை டீசலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. கெட்டியான எண்ணெய் நாசிலிலிருந்து தூறலாக வராமல் பெரும் துளிகளாகத் தாரைபோல் பாய்கிறது. அத்துளிகள் எரிந்து முடிவதற்குள் சுவரிலும் பிஸ்டனிலும் மோதுகின்றன. மேலும், தாவர எண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. மிகுந்த சூட்டில் சிதைந்து கரியாகிவிடும். அந்தக் கரிதான் எங்கள் நாசிலில் படிந்திருந்தது. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, மசகு எண்ணெயையும் கெட்டியாக்கிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்: ஊசி இல்லாத புதிய சிரிஞ்சுகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் விளக்கெண்ணெயும் நிரப்புங்கள். ஒரே விசையுடன் அழுத்துங்கள். தண்ணீர் சிதறிப் பாயும். விளக்கெண்ணெய் நூலாக இழையும். பிறகு எண்ணெய்ச் சிரிஞ்சை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்திருந்து மீண்டும் அழுத்துங்கள். எண்ணெய் எளிதாக வருவதைக் காண்பீர்கள். வெப்பநிலை உயர்ந்தால் பாகுநிலை குறையும் என்பது புரிந்துவிடும்.

எண்ணெயை உடைக்கும் வேதியியல்

எண்ணெய் ஏன் கெட்டியாக இருக்கிறது? அதன் மூலக்கூறு மிகப் பெரியது. கிளிசரால் என்ற சிறு முதுகெலும்பில் மூன்று நீண்ட கொழுப்பு அமிலச் சங்கிலிகள் ஒட்டியிருக்கின்றன. மூன்று வால் கொண்ட பட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த மூன்று வால்களையும் தனித்தனியே கழற்றிவிட்டால்?

அதைச் செய்வது மெத்தனால் என்ற ஆல்கஹால். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் வினையூக்கியாக இருக்க, சுமார் 60 டிகிரி சூட்டில் எண்ணெயும் மெத்தனாலும் வினைபுரிகின்றன. மூன்று சங்கிலிகளும் பிரிந்து, மூன்று எஸ்டர் மூலக்கூறுகளாகின்றன. கிளிசரால் அடியில் தங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோ எண்ணெய்க்கு 100 கிலோ எஸ்டரும் 10 கிலோ கிளிசராலும் கிடைக்கும். இந்த எஸ்டரே 'பயோடீசல்'. அதன் பாகுநிலை டீசலுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

பெல்ஜியம் நாட்டின் சவான் என்ற அறிஞர் இம்முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பேருந்து, பனை வகை எண்ணெயான பாமாயிலிலிருந்து செய்த எஸ்டரில் ஓடியது.

ஓர் எச்சரிக்கை: மெத்தனால் கொடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றும். இதை வீட்டில் செய்து பார்க்கக்கூடாது.

கலவை எரியும்போது

பயோடீசலைப் பெரும்பாலும் தனியே பயன்படுத்துவதில்லை; டீசலோடு கலக்கிறார்கள். நூறு லிட்டரில் 20 லிட்டர் பயோடீசல் இருந்தால் அது 'பி-20'.

டீசலில் இருப்பவை பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தாம். பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். அதாவது, எரிபொருள் தன் மூச்சுக்காற்றில் ஒரு பகுதியைத் தானே சுமந்து வருகிறது. உருளையின் நடுவில், வெளிக்காற்று சரியாக எட்டாத இடத்தில், இந்த ஆக்சிஜன் உதவிக்கு வருகிறது. அங்கே புகைக்கரி உருவாவது குறைகிறது. புகைக்கரிக்கு வித்தாகும் பென்சீன் வளையச் சேர்மங்களும் பயோடீசலில் இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-இல் பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டது. சோயா எண்ணெயிலிருந்து செய்த பி-20 கலவையைக் கனரக எஞ்சின்களில் எரித்தபோது, சராசரியாக நுண்துகள்கள் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன்கள் 21 சதவீதமும் குறைந்தன. முழுப் பயோடீசலில் நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறையப் பாதியாயின.

நல்ல செய்திதான். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகள் பி-20-இல் 2 சதவீதமும், முழுப் பயோடீசலில் 10 சதவீதமும் கூடின!

நைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

எண்ணெயிலிருந்து அன்று. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் அல்லவா? சாதாரணமாக அது சோம்பேறி வாயு, ஆக்சிஜனோடு சேராது. ஆனால் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டும் வேகமாகச் சேரத் தொடங்குகின்றன. இதன் வினைவழியை விளக்கியவர் சோவியத் அறிஞர் செல்டோவிச். சூடு சிறிது கூடினாலும் இவ்வினையின் வேகம் பன்மடங்காகும் என்பது இதன் தனித்தன்மை.

பயோடீசல் ஏன் சூட்டைக் கூட்டுகிறது? காரணங்கள் பல. ஒன்று, பயோடீசல் டீசலைவிடக் குறைவாகவே அமுங்கும். எனவே பழைய வகைப் பம்புகளில், அழுத்த அலை குழாய் வழியே சற்று விரைவாக நாசிலை அடைகிறது. எரிபொருள் சிறிது முன்னதாகவே பீச்சப்படுகிறது. முன்னதாக எரிந்தால் உச்ச வெப்பநிலை உயரும். மற்றொன்று வியப்பானது. தழலில் ஒளிரும் புகைக்கரித் துகள்கள், அடுப்பின் தணல்போல் வெப்பத்தைக் கதிர்வீசித் தழலைச் சற்றுக் குளிர்விக்கின்றன. கரி குறைந்தால் இக்குளிர்ச்சியும் குறைகிறது. அதாவது, கரும்புகையைக் குறைத்த அதே காரணமே கண்ணுக்குத் தெரியாத வாயுவைக் கூட்டிவிடுகிறது!

நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலை எரிச்சலூட்டும். வெயிலில் ஹைட்ரோகார்பன்களுடன் சேர்ந்து ஓசோனைத் தரைமட்டத்தில் உண்டாக்கும். இதற்கு மாற்று உண்டு. பீச்சும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளலாம். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளுக்கேற்ற லாரி, பேருந்துகள் பலவற்றில் புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளித்து, இவ்வாயுக்களை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றுகிறார்கள்.

வேறு சில கணக்குகளும் உண்டு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பயோடீசலின் ஆற்றல் டீசலைவிட ஏறத்தாழ 8 சதவீதம் குறைவு. பி-20-இல் இக்குறைவு இரண்டு சதவீதத்திற்கும் உட்பட்டதே. நாட்பட வைத்தால் பயோடீசல் காற்றுப்பட்டுக் கெடும். பழைய ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். மறுபுறம், பம்பின் உட்பாகங்களுக்கு நல்ல மசகாகவும் இருக்கும்.

எண்ணெய்க்கு எங்கே போவது?

"செடி உறிஞ்சிய கரியமில வாயுதானே திரும்புகிறது, ஆகவே கணக்கு நேராகிவிடும்" என்று சொல்வதுண்டு. முழு உண்மையன்று. உரம், உழவு, போக்குவரத்து ஆகியவற்றுக்கும் எரிபொருள் செலவாகிறது. மெத்தனாலும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே வருகிறது. காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

நம் நாட்டின் அனுபவமும் ஒரு பாடம். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் காட்டாமணக்கைத் தரிசு நிலமெங்கும் நட்டால் டீசல் கொழிக்கும் என்று நம்பினோம். 2017-க்குள் 20 சதவீதம் கலப்பது என்று 2009-ஆம் ஆண்டுக் கொள்கை குறி வைத்தது. அக்குறி எட்டப்படவில்லை. தண்ணீரும் உரமும் இல்லாத நிலத்தில் அச்செடி உயிரோடு இருக்கும். ஆனால் எதிர்பார்த்த அளவு காய்க்காது. நம்பி நட்ட உழவர்கள் பலர் நட்டப்பட்டார்கள். 2018-ஆம் ஆண்டுக் கொள்கை, 2030-க்குள் 5 சதவீதம் என்று குறியைக் குறைத்துக்கொண்டது. அதே 2018-இல், உணவகங்களில் பலமுறை பொரித்துக் கெட்டுப்போன எண்ணெயைத் திரட்டிப் பயோடீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் தொடங்கியது. வடைச் சட்டியில் கறுத்த எண்ணெய் மீண்டும் வயிற்றுக்குள் போகாமல் எஞ்சினுக்குள் போவது இரட்டை நன்மை அல்லவா?

சாலையோரப் புங்க மரமும் இக்கணக்கில் இடம்பெறத் தக்கதே. அதன் விதை எடையில் சுமார் 30 சதவீதம் எண்ணெய். அது உணவு எண்ணெய் அன்று. எனவே அடுப்பங்கரையோடு போட்டியில்லை. வேர்முடிச்சுகள் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும். ஆனால் மரம் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விதை பொறுக்கக் கூலி வேண்டும். புங்க மரம் நாடு முழுவதுக்கும் டீசல் தராது. ஓர் ஊரின் பம்புசெட்டுகளுக்கு உதவக்கூடும்.

பெரியப்பாவின் கேள்விகளுக்கு இப்போது என்னால் விடை சொல்லமுடியும். எண்ணெயில் ஆற்றல் இருந்ததால் ஓடியது. அதை ஐந்து மில்லி நொடிக்குள் எரிக்கும் வடிவில் தராததால் நின்றது. அவர் இன்று இல்லை. ஆனால் அவர் கேட்டதுபோல் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கும் வழக்கத்தை நான் விடவில்லை. புதிய எரிபொருள் எதைப் பற்றியேனும் படித்தால், "ஏன் ஓடுகிறது?" என்பதோடு நில்லாமல், "எங்கே நிற்கும்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.