கிழவன் வேடமும் அழித்த பொட்டும்

கோயில் திருவிழாக்களில் விடியவிடிய ஆடப்படும் 'வள்ளி திருமணம்' நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சனம் எந்த இடங்களில் சிரிக்கும் என்று. தினைப்புனத்துக்கு வந்த வேடன், வள்ளியின் தகப்பன் வருவதைக் கண்டதும் வேங்கை மரமாகி நிற்பான். பிறகு தள்ளாடும் கிழவனாய் வந்து தேனும் தினைமாவும் கேட்பான். இரண்டு வேடத்துக்குள்ளும் இருப்பவன் முருகன்.

எங்கள் அம்மம்மாவும் அந்த இடங்களில் சிரிப்பார். ஆனால் யானை வரும் கட்டத்தில் மட்டும் சிரிக்கமாட்டார். ஏன் என்று விளங்க எனக்குக் கன காலம் எடுத்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய இந்த நாடகத்தின் கதை கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை 'கந்தபுராண கலாசாரம்' என்றே அழைத்தார். அதே மண்ணில் நடிகமணி வி. வி. வைரமுத்து 'அரிச்சந்திர மயான காண்டம்' ஆடிப் புகழ்பெற்றார். மனைவி, பிள்ளை, நாடு எல்லாம் போனாலும் பொய் சொல்லாத அரிச்சந்திரனுக்காக அழுத சனம், பொய்க்கு மேல் பொய் சொல்லும் முருகனைப் பார்த்து மகிழ்ந்தது. இது எப்படி?

முதற்காரணம், ஏமாற்றுவது யார் என்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். வள்ளிக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும் என்பதில்தான் சிரிப்புப் பிறக்கிறது. இரண்டாவது, உண்மை வெளிவந்தே தீரும். விடிவதற்குள் கிழவன் மறைவான், வேலவன் தோன்றுவான், கல்யாணம் நடக்கும். முடிவு தெரிந்திருப்பதால் பொய் எங்களைப் பயமுறுத்துவதில்லை.

வள்ளி ஏமாளியுமல்ல. கேள்விக்குக் கேள்வி போட்டுத் தர்க்கம் செய்கிறாள். கிழவன் காதல் பேசியதும் கோபத்தோடு விலகுகிறாள். வேடத்தாலும் பேச்சாலும் அவளை வெல்ல முடியாத நிலையில்தான் முருகன் அண்ணனை அழைக்கிறான். பிள்ளையார் யானையாய் வர, வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொள்கிறாள். பக்தர்களுக்கு அது அருள். நாடகமாகப் பார்த்தால், சொல் தோற்ற இடத்தில் பயம் வென்ற காட்சி.

ஷேக்ஸ்பியர் 1600ஆம் ஆண்டை அண்டி எழுதிய 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் வேடம் போடுபவள் வயோலா. கப்பல் உடைந்து, அந்நிய நாட்டில் கரையொதுங்கியவள். சகோதரன் இறந்துவிட்டான் என்று எண்ணுகிறாள். பாதுகாப்புக்காக ஆண் உடை அணிந்து, வேறு பெயரில் பிரபுவின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அவன்மேல் காதல் வந்தும் சொல்ல வழியில்லை. முருகன் வேடம் போட்டது விருப்பத்தால். வயோலா போட்டது வேறு வழியில்லாமல்.

வயோலாவின் நிலை எங்களுக்குப் புதிதல்ல. 1983 ஆடியில் கொழும்பில் எத்தனையோ பெண்கள் பொட்டை அழித்தார்கள், தாலியைச் சட்டைக்குள் மறைத்தார்கள். தெருவில் மறித்தவர்கள் சிங்களச் சொற்களைச் சொல்லவைத்து உச்சரிப்பைச் சோதித்தார்கள். பிற்காலத்தில் சோதனைச்சாவடியில் பெயரையும் ஊரையும் சொல்லும்போது குரல் தாழ்ந்தது எத்தனை பேருக்கு? அந்த மேடையில் பார்வையாளருக்கு முடிவு தெரிந்திருக்கவில்லை. வேடம் கலைந்தால் கல்யாணம் அல்ல, மரணம்.

இந்த வேறுபாட்டைக் கவனித்தால் காதல் நாடகங்களில் வரும் பொய்யை அளக்க ஒரு கோல் கிடைக்கும்: வேடத்தை எப்போது கலைப்பது என்று முடிவு செய்யும் பலம் யாரிடம் இருக்கிறது? முருகனுக்கு அது எப்போதும் கையில் இருந்தது. வயோலாவோ சகோதரன் உயிரோடு வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எங்களில் பலருடைய சகோதரர்கள் இன்னும் வரவில்லை.

அம்மம்மா 83இல் ஒருகொடவத்தை வீட்டைவிட்டுப் பொட்டில்லாமல் வெளிக்கிட்டவர். அகதிமுகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய் இறங்கியபிறகுதான் யாரிடமோ குங்குமம் வாங்கி வைத்தாராம். யானைக் காட்சியைப் பற்றி நான் கேட்டபோது சொன்னது ஒன்றுதான்: "பயத்திலை கட்டிப்பிடிச்சதை விருப்பம் எண்டு சொல்லேலாது, பிள்ளை."